லெஸ்லி என்னும் பெயர்

பந்தல்குடியில் நான் வந்த பேருந்துக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிரே ‘லெஸ்லி டீ ஸ்டால்’. வாசலில் நிற்கும் லாரியின் நெற்றியிலும் அதே பெயர். வேலிக்கருவை மரத்தில் கட்டியிருக்கும் கறுத்த கிடாவும் லெஸ்லிதான். கடைக்காரரின் தந்தையைப் படிக்கவைத்த ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் பெயராம் அது.

கடைக்காரரின் மனைவி மடியில் பெண்குழந்தை. நாளை ஞானஸ்நானம், பெயர் இன்னும் முடிவாகவில்லை.

“லெஸ்லி ஆம்பளப் பேரு. அடுத்து பையன் பெறந்தா வேணும்ல?” என்கிறார் கடைக்காரர்.

“லாரிக்கு வச்சீக, கிடாய்க்கு வச்சீக. எம்பிள்ளைக்கு மட்டும் ஆகாதாக்கும்?” என்றவள் என்னிடம் திரும்புகிறாள். “காலேஜ்ல படிக்கிறீக, நீங்களே சொல்லுங்க.”

ஸ்காட்லாந்தில் அது முதலில் ஓர் ஊரின் பெயர், பிறகு ஒரு குடும்பத்தின் பெயர், இன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கும் பெயர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவுகிறார்.

நடத்துநர் விசில் ஊதுகிறார். நான் ஏறி அமர்கையில், கடைக்காரர் கிடாவின் முன் ஒரு கை அகத்திக்கீரையுடன் நிற்கிறார்.

“ஏலே, இனிமே நீ கருப்பன். லெஸ்லி வீட்டுக்குள்ள இருக்கா.”

கிடா கீரையை மட்டும் ஏற்றுக்கொள்கிறது.