மாமரத்துக்கு ஜாமீன்

"…எட்டு வருசமா ஒண்ணுங் காய்க்காம சும்மா நின்னுட்டிருக்குதுன்னு வெட்டறதா இருந்தா, இந்த ஊட்டுல வரிசையில மொதல்ல நிக்கறது யாருன்னும் கொஞ்சம் யோசிச்சுக்கங்க" என்றாள் என் மனைவி.

கேட்டுக்கொண்டு நின்றது மூன்று பேர். நான், கையில் கோடாலியோடு என் சகலை, அப்புறம் எங்கள் வாசலில் இருக்கும் மாமரம். மூவரில் முகம் மாறாமல் நின்றது மரம் மட்டும்தான்.

சகலை என்பது அவளுடைய அக்கா வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் அதே ஊரில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். அவர் கட்டுவார், நான் மூடுவேன். வீடு புதுச்சத்திரத்தில்.

மரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டிக் குடி வந்த வருசம் என் மனைவி வைத்த ஒட்டு மாங்கன்று அது. மூன்றாவது வருசம் காய்க்கும் என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூன்றாவது வருசம் காய்க்கவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பொறுத்தேன். ஐந்தாவது வருசமும் காய்க்கவில்லை. பூமியெல்லாம் வேண்டாம், ஊறுகாய்க்கு நாலு காய் கொடு என்று இறங்கி வந்தேன். அதற்கும் வழியில்லை.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் முதல் மீன் கழுவிய தண்ணீர் வரை அதற்குத்தான். மகள் கல்யாணமாகி ஓசூர் போனதற்குப் பிறகு, காலையில் வாசல் தெளிக்கும்போது அவள் முதலில் பேசுவது மரத்தோடுதான், என்னோடு இல்லை. இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது இது ஒன்றுதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் நான் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினேன். தார்ப்பாய் ஏற்றிப் போக வசதி. வாங்கின நாளிலிருந்து அதன்மேல் காக்கை எச்சம். தகரம் போட்டு ஒரு ஷெட் இறக்கிவிடலாம் என்றால், அதற்கு இருக்கிற ஒரே இடத்தில் இந்த மரம். நிழலை வெட்டிவிட்டு நிழலுக்குத் தகரம் போடப் போகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்ததெல்லாம் எச்சம்தான்.

வெட்டப்போகிறேன் என்றதும் அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. காய்க்காத மரத்தை ஒரு தடவை மிரட்டிப் பார்க்காமல் வெட்டுவது முறையில்லை என்று மட்டும் சொன்னாள். எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியை ஓங்கி "வெட்டப்போறேன்" என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே புகுந்து, "விட்டுடுங்க, இந்த வருசம் காய்ச்சிரும், அதுக்கு நான் பொறுப்பு" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மூன்று முறை கெஞ்சினதும் கோடாலிக்காரர் மனமிரங்கிப் போய்விட வேண்டும். மரம் பயத்திலோ ரோசத்திலோ காய்த்துவிடும். மாசி முடிகிறவரை பொறுப்பது, அப்போதும் பூக்காவிட்டால் வெட்டிக்கொள்வது என்று எனக்கும் அவளுக்கும் ஒப்பந்தம்.

கோடாலிக்குச் சகலை. கெஞ்சுவதற்கு நான். யாருக்கு எது என்று முடிவு செய்தவள் அவள். வெட்ட நினைக்கிறவனையே கெஞ்ச வைத்தாள் பாருங்கள், அங்கேதான் நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சகலை மொபெட்டில் வந்து இறங்கினார். மீசையைப் புதிதாக முறுக்கியிருந்தார். கோடாலியை ஓங்கினார். நான் ஏதோ ரேஷன் கடையில் பெயர் கொடுப்பதுபோல "விட்டுடுங்க" என்றேன். மனைவி வாசற்படியிலிருந்து, இப்படிக் கெஞ்சினால் மரம் என்ன, மண்ணுகூட நம்பாது என்றாள்.

சரி என்று இரண்டாவது தடவை கொஞ்சம் வாயைத் திறந்தேன். என் வாய் திறந்தால் மூடாது, அது ஊருக்கே தெரியும். இந்த மரம் லேசுப்பட்டதா என்று ஆரம்பித்தேன். கன்றாக இருந்தபோது மூன்று தடவை ஆடு மேய்ந்தது, மூன்று தடவையும் துளிர்த்தது. சாக்கடைக்கு ஜேசிபி தோண்டியபோது ஒரு பக்க வேரே போனது, மறு பக்கத்து வேரில் நின்றது. ஒரு தீபாவளிக்கு நான் விட்ட ராக்கெட் மேலே போகாமல் அதன்மேல் போய்ப் பாதிக் கிளை கருகியது. தார்ப்பாயில் பேர் எழுதின பெயிண்டு மிச்சத்தை எத்தனை நாள் அதன் தூரில் ஊற்றியிருப்பேன். பல்பு மாட்ட ஆணி அடித்ததும் நான்தான். அத்தனைக்கும் அது செய்தது ஒன்றே ஒன்று, அடுத்த மாசம் இலை விட்டது. "முருங்கைய ஒடிச்சு வளர்"னு சொல்வாங்க, இது ஒடிச்சாலும் எரிச்சாலும் வளர்ந்த மரம் என்றேன். சொல்லச் சொல்ல, மரத்துக்குச் சிபாரிசு செய்கிறேனா, என்மேல் நானே புகார் கொடுக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை நிஜமாகவே குறுக்கே போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன். முறைப்படி சகலை அப்போது கோடாலியை இறக்க வேண்டும். அவருக்கோ வேசம் ஏறிவிட்டது. "நகருங்க சகல, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம நான் போறதில்லீங்க" என்று கத்தி, ஓங்கினதை இறக்கியும் விட்டார். என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, மரத்தில் பொத்தென்று பதிந்தது கோடாலி. பிறகு வரவில்லை. நானும் அவரும் ஆளுக்கு ஒரு கை பிடித்து இழுக்கிறோம், மரம் விடமாட்டேன் என்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். சகலைகள் இரண்டு பேர் கோடாலிக்கு மல்லுக்கட்டினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், சொத்துத் தகராறு. கையைத் தட்டித் தெருவையே கூட்டிவிட்டார். "ஏஞ்சாமி, எதுன்னாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாம், மொதல்ல கையை எடுங்க" என்று சகலையைக் கெஞ்சினார். பத்துப் பேர் உள்ளே வந்து கோடாலியைப் பிடுங்கி, எங்களைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். மரத்தை மிரட்டினோம் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. குடும்ப விசயத்தை மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்று வரைக்கும் டீக்கடையில், பாகம் பிரிச்சாச்சுங்களா என்று கேட்கிறவர் உண்டு.

மிரட்டல் வீண் போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மாவின் கொய்யா மரம், அதுவும் பல வருசமாகக் காய்க்காமல் மலடு என்று பேர் வாங்கியது, தை மாதம் கிளை தாங்காமல் காய்த்தது. எங்கள் மரத்துக்குப் போட்ட சத்தத்தை அது காதில் வாங்கிக்கொண்டுவிட்டது. டீச்சரம்மா ஒரு கூடை கொய்யா கொடுத்தனுப்பி, சகலையைத் தன் எலுமிச்சைக்கும் ஒரு நடை வரச்சொன்னார்.

எங்கள் மரம் பூக்கவில்லை. ஆனால் கோடாலி பட்ட இடத்தைச் சுற்றி உதடு மாதிரி புதுப் பட்டை வந்தது. அதற்குக் கீழேயே இரண்டு துளிர், செம்பு நிறத்தில். வெட்டுப்பட்ட இடத்திலேயே வந்து நின்று, இப்ப என்னங்கறே என்று கேட்பதுபோல இருந்தது.

மாசி முடிந்த மறுநாள் சகலை ஒப்பந்தப்படி வந்துவிட்டார், இந்த முறை மீசை முறுக்காமல். நான் மரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, எட்டு வருசமாகச் சும்மாவே நிற்கிறது, பேசினபடி செய்துவிடலாம் என்று முணுமுணுத்தேன். அப்போதுதான் அவள் அந்த வரிசைப் பேச்சைச் சொன்னது.

சகலைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் பதிலுக்குப் பழமொழி தேடினேன்.

அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. படியிறங்கி வந்து சகலையின் கையிலிருந்த கோடாலியை வாங்கி, வேனின் பின்சீட்டில் படுக்க வைத்தாள். என் சட்டைப் பைக்குள் கைவிட்டு வேன் சாவியை எடுத்தாள். "மச்சான், உங்க பட்டறைக் கொட்டாயில பத்து லாரி நிக்குது, இதும் ஒரு ஓரமா நிக்கட்டுங்க" என்று அவரிடம் கொடுத்து, அவருடைய மொபெட் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டை அகலத் திறந்துவிட்டாள். சகலை வேனை எடுத்து ரோட்டில் ஏறியதும், மொபெட்டை உருட்டி வந்து மரத்தடியில் ஸ்டாண்டு போட்டு, அதன் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.