லொடலொடக்காத கார்

வெர்லீன் ஸ்வீட்டிங் மியாமி ஆற்றங்கரையில் ஒரு படகுப் பட்டறையில் கித்தான் தைப்பவள். படகுகளின் மேற்கூரை, மெத்தை உறை, மழைத்திரை எல்லாம் அவள் மெஷினைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகும். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் அட்லாண்டாவில். பிரவுன்ஸ்வில்லில் சொந்தமாக ஒரு சின்ன வீடு, பின்னால் ஒரு மாமரம், ஞாயிறானால் தேவாலயம். யாரோடும் வம்புக்குப் போகாதவள் என்று தெருவில் பெயர். பக்கத்து வீட்டுக்கு க்ளீவ்லன்ட் மாக்ஸி குடிவரும்வரை அந்தப் பெயர் கெடாமல் இருந்தது.

மாக்ஸி குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி பிரிந்து போய்விட்டாள். அவன் கொண்டுவந்து இறக்கிய சாமான்களில் சொல்லிக்கொள்ளும்படியானது ஒன்றுதான்: எழுபத்துமூன்றாம் வருஷத்துக் கார், பப்பாளி நிறம், துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் வானம் பார்த்து ஓட்டலாம். டிக்கியில் இரண்டு பெரிய பேஸ் ஸ்பீக்கர்கள். ஞாயிறு மத்தியானம் வாசலில் நிறுத்தி, பாட்டைப் போட்டுவிட்டுத்தான் காரைக் கழுவுவான்.

இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு வேலியருகே போய் நின்றாள்.

"மிஸ்டர் மாக்ஸி, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா, மிஸ் வெர்லீன்? கொறைச்சுக்கறேன்."

"பாட்டு என்னை ஒண்ணும் பண்ணல. தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி பின்னாடி ஒண்ணு கேக்குதே, அது என்ன?"

மாக்ஸி தலையைச் சாய்த்துக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"குப்பை லாரியிலயே வளந்த காது. எப்படிக் கேக்கும்?"

அவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதமே இன்னும் பெரிய ஸ்பீக்கர்களை வாங்கிப் போட்டான். லொடலொடப்பு கூடியது, பேஸ் கூடவில்லை. அதில் அவனுக்கும் வருத்தம்தான். மற்றவர்கள் காரில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் இடிக்கிறது, நம் காரில் எல்லாம் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது என்று கடைத்தெருவில் புலம்புவான்.

ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் வரும். அந்த வருஷம் தேவாலயத்தின் மூத்த அம்மாள் மதர் ஆல்பரிக்குத் தொண்ணூறு நிறைந்திருந்தது. அவளைத் திறந்த காரில் உட்காரவைத்து அழைத்துப்போக வேண்டும் என்று போதகர் விரும்பினார். அக்கம்பக்கத்தில் கூரை மடங்கும் கார் மாக்ஸியிடம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் கேட்கும் வேலை வெர்லீன் தலையில் விழுந்தது.

"தாராளமா வர்றேன். ஆனா பாட்டு ஓடணும். பாட்டில்லாமப் போக இதென்ன சவ ஊர்வலமா?" என்றான் மாக்ஸி.

"அப்ப மொதல்ல அந்த லொடலொடப்பை நிறுத்து. பெரியம்மாவை நடுவுல உக்கார வச்சுட்டுத் தகரக் கச்சேரி நடத்த முடியாது."

'நீங்க' போய் 'நீ' வந்ததை அவன் கவனித்தான். "நிறுத்தத் தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"சனிக்கிழமை வர்றேன். பாட்டு உன் பொறுப்பு. ஆடுறதையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை ஒரு கூடை நிறையத் துண்டுக் கம்பளியும் ஃபோமும் ரப்பர் பட்டையும் கொண்டுவந்தாள். எல்லாம் பட்டறையில் கழித்துப்போட்டவை. மாக்ஸி எலுமிச்சை பிழிந்த கோழிச் சாறும் ஜானி கேக் ரொட்டியும் வாங்கிவைத்திருந்தான். அவனிடம் ஒரு குறுந்தகடு இருந்தது. பாட்டு கிடையாது, அடித்தொண்டை முனகல்போல் ஒரே ஒலி, மெல்ல மெல்ல மேலே ஏறும். அதை ஓடவிட்டு, அவள் காரைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். எங்கே கை வைத்தால் இரைச்சல் நிற்கிறதோ அங்கே திருடன்.

முதல் திருடன் நம்பர் பிளேட். அதன் பின்னால் ரப்பர் ஒட்டினாள். மடித்த கூரையின் இரும்பு விலாக்கள் ஒன்றோடொன்று உரசின; அவற்றுக்குக் கம்பளியில் உறை தைத்து மாட்டினாள். கதவுக்குள் இறங்கிய கண்ணாடி தன் தடத்திலேயே ஆடியது. கதவு அட்டையைக் கழற்றினால் பாதி கிளிப்புகள் உடைந்திருந்தன. புதுக் கிளிப் மாட்டி, தகரத்தின் உட்புறம் கனத்த தார் ஷீட் ஒட்டியதும் கதவு மூடும் சத்தமே மாறிப்போனது. பின்சீட்டைத் தூக்கியபோது சில்லறைகளுக்கு நடுவே ஒற்றைக் கம்மல் கிடந்தது. மாக்ஸி அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. ஸ்பீக்கர்கள் இத்தனை நாளும் ஸ்டெப்னி டயருக்குத்தான் பாடிக்கொண்டிருந்தன. மாக்ஸி, பின்சீட்டின் நடுவில் கைவைக்கும் இடத்துக்குப் பின்னால் தடுப்பை வெட்டி வழிவிட்டான். ஸ்பீக்கர் பெட்டியை அந்த வாயோடு நெருக்கி, சுற்றிலும் காற்றுப் புகாமல் ஃபோம் வைத்து அடைத்தான். கொஞ்சம் தேறியது. ஆனால் நெஞ்சுக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாட்டு ஓடிக்கொண்டிருக்க, வெர்லீன் டிக்கிக்குள் தலையை விட்டு எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை பட்டு ஏதோ கழன்றது. சட்டென்று கார் முழுக்க ஒரு கனமான முழக்கம் எழுந்தது.

"என்னத்தைப் புடுங்கின?" முன்னாலிருந்து மாக்ஸி கத்தினான்.

"ஒரு வயரு. தெரியாமப் பட்டுருச்சு."

"ஒரு ஸ்பீக்கர் செத்துருச்சு. அப்பறம் எப்படிச் சத்தம் கூடுது?"

வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தான். ஒரு ஸ்பீக்கருக்குக் கம்பிகளை மாற்றிக் கொடுத்திருந்தான். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. பழைய ஸ்பீக்கர்களுக்கும் அவனே கொடுத்த இணைப்புதான்.

"எங்க வீட்டுக் குடித்தனம் மாதிரியே இருந்திருக்கு" என்றான்.

வெர்லீன் சிரிக்கவில்லை. "திருப்பிப் போடு" என்றாள்.

ஊர்வலத்தன்று மதர் ஆல்பரி வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாகப் பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் வெர்லீன். மாக்ஸி பாடகர் குழுவின் ஒலிப்பதிவைப் போட்டான். ஆர்கனின் அடிநாதம் சீட்டு வழியாக ஏறி வந்தது.

"முதுகுக்கு இதமா இருக்கே. நிறுத்தாதப்பா" என்றாள் கிழவி.

ஐம்பத்துநாலாம் தெருவில் பாதி வழி போவதற்குள் டாஷ்போர்டு விளக்கு மங்க ஆரம்பித்தது. நடைவேகத்தில் ஊர்ந்த எஞ்சினால், ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் கேட்ட கரண்டைக் கொடுக்க முடியவில்லை. பாட்டா, காரா என்றாகிவிட்டது. மாக்ஸி பாட்டை அணைத்தான்.

"ஏன் நிறுத்தின?"

"கார் நின்னுரும், மதர்."

"அப்ப ஓட்டு."

மாக்ஸியின் பிடரி வியர்த்திருந்தது. இரண்டு பக்கமும் ஜனங்கள் கையசைத்தார்கள். பாட்டு நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வெர்லீன் காதைக் கொடுத்துக் கேட்டாள். தண்டவாளத்தைக் கடந்தபோதுகூடக் காரில் ஒரு கீச்சு, ஒரு கிலுக்கு இல்லை. அவளுக்கு அந்த மௌனம் பாட்டைவிடப் பிடித்திருந்தது. அவமானத்தில் இருப்பவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் விட்டாள்.

பிறகு அவன் கூடுதல் கரண்ட் தரும் பெரிய ஆல்டர்னேட்டராக வாங்கிப் போட்டான். வசந்தத்தில் ஒருநாள் அவளோடு வர்ஜீனியா கீ கடற்கரைக்குப் போகும் வழியில், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"வேணாம், மாக்ஸி. எனக்கு வீடிருக்கு, உனக்கு வீடிருக்கு. கார் ஒண்ணு போதும் ரெண்டு பேருக்கும்."

சில வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மாங்காய்க் காலம் வந்ததும் ஒரு பையோடு வேலிப்பக்கம் வந்து நின்றான். அவள் பறித்துப் போட்டாள்.

அவள் இன்னும் பட்டறைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் லொடலொடக்கும் காரை அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதுண்டு. பிடித்தால் பார்ப்பாள், இல்லையென்றால் கதவைத் திறக்கமாட்டாள். ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் பொரித்த மீனைக் கட்டிக்கொண்டு இருவரும் கடற்கரைக்குப் போவார்கள். முன்சீட்டில் உட்காரச் சொன்னால் வெர்லீன் கேட்பதில்லை. பின்னால்தான் பேஸ் ஒழுங்காக வருகிறது என்பாள். சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறவர்கள் அவனை அவளுடைய டிரைவர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவன் மறுத்துச் சொல்வதில்லை.