மஞ்சள் பூசிய நடுகல்

நடுகல்லைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதிவிட்டால் தமிழ் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிய காலம். அதனால்தான் ஆலங்குடியில் பஸ்ஸை விட்டிறங்கி, கடலைக் கொல்லைகளின் ஊடே இரண்டு மைல் வெயிலில் நடந்தேன். ஜெர்மன் சண்டைக்குப் போய் பஸ்ராவில் உயிர்விட்ட சிப்பாய் ஒருவருக்கு அந்த ஊரார் கல் நட்டு, வருஷந்தோறும் கோழி வெட்டிப் படைப்பதாகக் கேள்வி.

கல்லின் முன் கண்ணை மூடி நின்று வீரம் ததும்பும் முதல் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ கனைத்தார்.

"கும்பிடுறேங்க. இதுல செத்துப்போயிருக்கிறது நான்தானுங்க."

வாயில் சுருட்டு, நரைத்த மீசை. ஆஸ்பத்திரியில் கிடந்தவரைச் செத்ததாகத் தந்தி வந்துவிட்டதாம். பிழைத்து ஊர் திரும்புவதற்குள் கல்லுக்குப் படையல் நடந்து, மழையும் பெய்துவிட்டது. படையல் கண்ட கல்லில் உளி படக்கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. தமக்கு வெட்டிய கோழியைத் தாமே தின்றுகொண்டு நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் சிக்கல். அவர் மகளைப் பெண் பார்க்கத் திருவரங்குளத்திலிருந்து வருகிறார்கள். வழி இதுதான். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வாசிக்கத் தெரியும். கல்லில் அவர் பேரோடு வெட்டியிருந்த செத்த வருஷத்துக்கு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் அந்தப் பெண்.

"படிச்சவுக, ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

பக்கத்தில் திருத்தக் கல் ஒன்று நடலாம் என்று தொடங்கி, அதன் வாசகத்தையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மனைவி மஞ்சள் கரைத்த சட்டியோடு வந்தார்.

"அதெல்லாம் அப்பறம் நடுவோம். இப்ப அங்கிட்டுப் பூசுங்க."

எந்த எழுத்தைப் படிக்க வந்தேனோ, அதையே இரு கையாலும் மெழுகினேன். கடைசி எழுத்து மறைவதற்கும் வண்டி வருவதற்கும் சரியாக இருந்தது. சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கல்லுக்குப் பக்கத்தில் நின்ற செத்தவரின் கை, பழக்கதோஷமோ என்னவோ, ஆசீர்வதிக்க உயர்ந்து பாதியில் நின்றது.

எழுந்தவர், சாமி வேண்டியதைக் கொடுக்குமா என்று கேட்டார். அந்த அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தார்.

"கோழி அடிச்சா ஓடியாருமுங்க. மத்த வேலைக்கு அசையாது."

நிச்சயமாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: இவ்வளவு துடியான சாமிக்குத்தான் முதல் பத்திரிகை வைக்கவேண்டும் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். வைத்தார்களாம், மஞ்சளை இன்னும் கெட்டியாகப் பூசிவிட்டு. கட்டுரைதான் எழுதப்படவில்லை. தமிழ் எப்படியோ பிழைத்துக்கொண்டது.