விலகிப்போன கோடு

போர்வை அச்சடிக்கும் அந்த ஆலையில் பூ வரைகிறவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் எரிச்சலில் வைத்தார்கள். அவரோ விருது கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய எல்லாப் பூவுக்கும் ஐந்தே இதழ். சட்டைப் பையில் எஃகு ஸ்கேல். சுவரில் மாட்டிய காலண்டரைக்கூட அதை வைத்துத்தான் நேராக்குவார். "உங்கப்பா தும்மறதுக்கு முன்னாடிகூட படம் போட்டுப் பார்ப்பார்" என்று மனைவி மகளிடம் சொல்வாள். அவள் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தார். அன்றைக்குப் பார்த்து, அச்சு மேசையில், சாயம் இறக்கும் வலைச்சட்டமான ஸ்கிரீன் நகராமல் பிடித்துக்கொள்ளும் முளை கழன்றுவிட்டது. முதல் ஸ்கிரீன் சிவப்பைப் போட்டது. இரண்டாவது, கறுப்புக் கோட்டை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டது. நானூறு போர்வையிலும் பூ ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். மறுநாள் வந்தவர், அத்தனையையும் துடைக்கிற துணியாகக் கிழிக்கச் சொன்னார். அதற்குள் அவை கடைக்குப் போயிருந்தன. நாலே நாளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு வேணும். ஆகாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார்.

தன் ஆயுளிலேயே நன்றாக விற்ற பூ, தான் இல்லாத நாளில் பூத்தது என்பது மில்லிமீட்டருக்கு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் விடவில்லை. புது நோட்டு வாங்கி, 'தவறுகள்' என்று தலைப்பெழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, பிழைகளைத் திட்டமிட உட்கார்ந்தார். இடப்பக்கம் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிழை, வலப்பக்கம் பதினைந்து. வியாழக்கிழமை முதலாளி அதைப் பார்த்தார். "தப்பு பண்ணின மாதிரி இல்லையே. தப்பு பண்ணினதா பொய் சொல்ற மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் அச்சு மேசைக்குப் போனார். அங்கே சாயம் போடும் அக்கா, பதினோரு வருஷமாக அவர் பூவையே அச்சடித்து அலுத்துப்போனவள்.

"அன்னைக்கு ஸ்கிரீனை எப்படி வெச்சீங்க?"

"யாருக்குத் தெரியும் சார்? முதல் போர்வை வந்துச்சு. பார்க்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே அவள் எல்லா முளைகளையும் பிடுங்கிப் போட்டாள். "இப்ப நீங்க வைங்க."

"எங்க?"

"எங்கயாவது."

அந்த 'எங்கயாவது' எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிஷம் தேடினார். கை சட்டைப் பைக்குப் போனது. "குடுங்க அதை" என்று ஸ்கேலைப் பிடுங்கி அக்கா சாய வாளியில் விட்டுக் கலக்கினாள். அவருக்குத் தன்னையே வாளியில் முக்கின மாதிரி இருந்தது.

முதல் மூன்றும் குப்பை. நாலாவதில் வியர்த்த கை வழுக்கி ஸ்கிரீன் சரிந்தது. ஒரு பூவின் கோடு பக்கத்துப் பூவுக்குள் புகுந்து, நடுவில் அவர் வரையவே வரையாத ஓர் இலை விழுந்திருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"இதை யார் போட்டா?"

"நீங்கதான் சார்."

முதலாளி வந்து பார்த்துத் தொடையில் தட்டிக்கொண்டார். "இதேதான். இதையே ஆயிரம் போடுங்க. ஒண்ணுக்கொண்ணு இம்மி பிசகக் கூடாது."

இந்த உத்தரவை நிறைவேற்றுவதற்கென்றே இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவர் அவர். கை தன்னால் சட்டைப் பையைத் தொட்டது. காலி.

"அது ஆகாதுங்க" என்றார். "ஆயிரமும் ஆயிரம் விதமாத்தான் வரும். வேணும்னா வேற ஆள் பார்த்துக்கோங்க."

முதலாளி அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். "என்ன, இவருக்கு மறுபடியும் காய்ச்சலா?"

"இருக்கும் சார்" என்றாள் அக்கா. "குணமாகாம நான் பார்த்துக்கறேன்."