காட்டை விட்டு வெளியேறாத மரம்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து குளித்து, காபி குடித்தேன். பையில் அளவு நாடா, சுண்ணக்கட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் கிளம்பினேன். ஓர் ஆய்வுக் குழுவுக்காக மரங்களை அளந்து கொடுப்பது என் வேலை. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்தால், அந்த மரத்துக்குள் எவ்வளவு கரி, அதாவது கார்பன், தங்கியிருக்கிறது என்று கணக்கிடலாம். மரம் போய்விட்ட இடத்தில் அடிக்கட்டையை அளந்து, எவ்வளவு கரி காற்றோடு போயிருக்கும் என்றும் ஓரளவு சொல்லலாம்.

அன்று காலை அளந்தவை எல்லாம் அடிக்கட்டைகள்தான். முந்திரித் தோப்பாக இருந்த செம்மண் மேடு. இப்போது வெள்ளை அடித்த மனைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன.

எங்கள் வட்டாரத்தில் பெருங்காடு என்று எதுவும் இல்லை. அதனால் இங்கே காடு அழிகிறது என்று யாரும் பேசுவதில்லை. மேற்கே தோப்புகள் மனைகளாகின்றன. பாகூர்ப் பக்கம் கோயில் காடுகள் ஓரம் ஓரமாகக் குறைகின்றன. சவுக்கு வெட்டினால் பிறகு நடுவார்கள்; போன கரியில் ஒரு பங்காவது திரும்பி வரும். கோயில் காட்டில் நிற்கும் வீரை, பாலை, காசா மரங்கள் அப்படியல்ல. அவை வளர்ந்த வேகத்தில் இன்னொரு முறை வளர்வதைப் பார்க்க நம்மில் யாரும் இருக்கப் போவதில்லை. வானத்திலிருந்து எடுக்கும் படங்களில் இந்தச் சிறிய காடுகள் சரியாகத் தெரிவதுமில்லை. இருந்ததே தெரியாவிட்டால், போனதும் தெரியாது.

நடுப்பகலில் அண்ணி அழைத்தார். பெரியப்பா மகனின் மனைவி. சோரியாங்குப்பத்துக்கு அருகே எங்கள் குலதெய்வக் காட்டை ஒட்டி அவர்கள் வீடு.

"உங்க அண்ணன் கட்டைங்களக் கொளுத்தப் போறாரு. நாளைக்கு வெள்ளிக்கெழம, நெருப்பு வைக்கக் கூடாது, இன்னைக்கே முடிக்கணும்னு நிக்கிறாரு. நீ வந்து சொன்னாத்தான் கேப்பாரு."

காட்டின் பாதியை வெட்டிப் படையல் மண்டபம் கட்டுவது என்று ஆடி மாதமே முடிவாகிவிட்டது. அதற்கு முன் நடந்த படையலில் சித்தப்பா வேர் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். வயதானவர்களுக்கு உட்கார இடமும் நடக்கப் பாதையும் வேண்டும் என்று அண்ணன் கேட்டதில் தவறில்லை. பாதியை வெட்ட வேண்டாம், பாதை மட்டும் போதும் என்று நான் சொன்னேன். சாமி முன் பூப்போட்டுப் பார்த்தார்கள். சிவப்புப் பூ வந்தால் வெட்டலாம் என்று முன்பே பேசியிருந்தார்கள். சிவப்பு வந்தது. அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆனால் வெட்டிய மரங்களை எரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது கிளைகளும் சுள்ளிகளும் குவியலாக எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அடிமரங்கள் கிடந்தன. அண்ணன் மடித்துக் கட்டிய லுங்கியோடு நின்றார்.

"வாடா, மரம் அளக்கறவனே! இப்பவே அளந்துக்க. அப்பறம் சாம்பலத்தான் அளக்கணும்."

"கட்டைய ஏண்ணே கொளுத்தற? எல்லாம் வைரம் பாஞ்ச மரம். மண்டபத்துக்கே வாசக்கால் போடலாமே."

"அறுக்கணும்னா மில்லுக்கு எட்தும் போவணும். இந்த வேலியத் தாண்டி ஒரு சுள்ளி போனதில்ல. நம்ம காலத்துல போவணுமா? இங்கயே எரிச்சா சாமி எடத்துலயே முடிஞ்சிடும்."

அவர் சொன்னது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் காத்த முறைதான். இந்தக் காட்டில் விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்கும். யாரும் அடுப்புக்கு எடுத்துப் போனதில்லை. இத்தனை காலம் கரியை மண்ணுக்குள் காத்த அதே முறை, இப்போது மொத்தத்தையும் ஒரே நாளில் எரிக்கச் சொல்கிறது.

"இங்கயே முடியாதுண்ணே. பொக எங்க போவுது பாரு."

புகை வேலியைத் தாண்டி, நெல் வயலைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"பொகைய எவன்டா மூட்ட கட்டி எட்தும் போறான்?" மரம் வெட்ட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"மூட்ட கட்டல. ஆனா போவுதில்ல? காஞ்ச மரத்துல பாதி கரிண்ணே. இங்க தங்கறது சாம்பல் மட்டுந்தான். மிச்சமெல்லாம் வேலியத் தாண்டிடுது."

அண்ணன் புகையைப் பார்த்தார். அண்ணி வெட்டுக்காரரிடம் திரும்பினார்.

"ஏம்பா, வெட்டுன மெஷின்லயே ஒக்கார பலக அறுக்க முடியாதா?"

"அறுக்கலாம்மா. மேடும் பள்ளமுமாத்தான் வரும்."

"மேடு பள்ளத்துல எவன் வந்து ஒக்காருவான்?" என்றார் அண்ணன்.

"நீங்க ஒக்காருங்க. இங்க வேற யாரு நாள் பூரா ஒக்காந்துனு இருக்கறது?"

இந்த முறை வெட்டுக்காரர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "கட்டைங்க கெடக்கட்டும். சுள்ளியும் வேரும் எரியட்டும். இதுக்கு மேல பேசாத" என்றார்.

கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக அளந்தேன். அளக்க முடியாதவை நிறைய இருந்தன. இலைச் சருகு, வேர், மண்ணின் மேல் கிடந்த கறுப்பு மட்கு எல்லாம் பொக்லைன் புரட்டிய இடத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மரத்தைப் பாதுகாத்தாலும் அந்த மண் தன்னிடம் இருந்த கரியை மெல்ல விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்க யாரிடமும் எதையும் கேட்க முடியாது. இருட்டும் நேரத்தில் குவியல் தணிந்தது போலிருந்தது. அண்ணன் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் காட்டுக்குப் போனேன். நெருப்பு அணையவில்லை. சாம்பலுக்கு அடியில் வேரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, வெட்டிக் கிடந்த ஒரு பாலை மரத்தின் நுனியைத் தொட்டிருந்தது. அண்ணன் எனக்கு முன்பே வந்து, போர்வெல் தண்ணீர்க் குழாயை இழுத்து அதன் மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பாத்துனு நிக்காதடா. மண்ண வாரிப் போடு."

மண்வெட்டியை எடுத்து, ஈர மண்ணை அள்ளி, புகை வந்த இடத்தில் போட்டேன்.