இரண்டாவது கோப்பு

உதிரி பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும் என் அக்காவைக் கடைவீதியில் ஸ்டாப்வாட்ச் என்பார்கள். பிராசஸர் பெட்டியில் அச்சடித்த எண்களை யாராவது ஒப்பித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உங்க வேலையைக் கொண்டாங்க, அதுல ஓட்டிப் பார்ப்போம்" என்பாள். டைப்பிஸ்ட்டாக இருந்த காலத்தில், வெறும் கடிதம் அடிக்க, பெரிய பிராசஸர் ஒன்றை யாரோ அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

வீட்டு வரைபடம் போடும் பெண் ஒருத்தி வந்து விலை கூடிய பிராசஸரைக் கேட்டாள். அக்கா அவளுடைய வரைபடத்தையே அதிலும், விலை குறைந்த இன்னொன்றிலும் ஓட்டினாள். விலை கூடியது முப்பத்தொன்பது நொடியில் முடித்தது, குறைந்தது நாற்பத்தொன்றில்.

"இந்த ரெண்டு செகண்டை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறே?"

அவள் அசரவில்லை. இன்னொரு கோப்பைக் கொடுத்தாள். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் ஒரு வீடியோ. அதை முடிக்க விலை கூடியதற்கு ஒன்பது நிமிடம், குறைந்ததற்கு இருபத்திரண்டு.

"இந்த மாதிரி வேலையெல்லாம் கிடைக்குதா?"

"இன்னும் ஒண்ணுகூட கிடைக்கலக்கா. கிடைக்கும்."

அக்கா பெரியதையே பூட்டிக் கொடுத்தாள். இப்போது யார் வந்தாலும் இரண்டு கோப்பு கேட்கிறாள்: செய்கிற வேலை ஒன்று, செய்ய ஆசைப்படுகிற வேலை ஒன்று.