தாராளமாச் சாஞ்சுக்குங்க

தொண்ணூத்தாறாம் வருசம் ஒரு மத்தியானம், பம்பாயிலிருந்து கோயமுத்தூர் வந்த ப்ளேன்ல நடந்தது இது. எங்களுக்குக் கோயமுத்தூர்ல வெட் கிரைண்டர் செய்யற பட்டறை. பம்பாய்ல ஒரு கண்காட்சியில கடை போட்டு, மூணு நாள் நின்னபடியே மாவாட்டிக் காட்டினதுல இடுப்பு கழண்டு போச்சு. வீட்டுக்காரர் சாமான்களோட லாரியில கிளம்பிட்டார். நான் மட்டும் ப்ளேன்ல.

போகும்போதுதான் நான் முதமுதலா ப்ளேன் ஏறினது. அப்ப முன் சீட்டுல இருந்த ஆள் ஒரு வார்த்தை கேட்காம சடார்னு சாய, என் காப்பி மொத்தமும் மடியில. விடுவேனா நான்? "ஏனுங்க, பின்னாடி மனுசங்க இருக்கறது தெரியலீங்களா?"ன்னு ப்ளேனே திரும்பிப் பாக்கற மாதிரி கேட்டுப்போட்டேன். அந்த மனுசன் பம்பாய் போய்ச் சேர்ற வரைக்கும் சீட்டைத் தொடவே இல்லை.

அதனால திரும்பி வரும்போது நாம ஒழுங்கா நடந்துக்கணும்னு இருந்தேன். சாப்பாட்டுத் தட்டையெல்லாம் எடுத்துட்டுப் போனதும், தலையை லேசாத் திருப்பி, "ஏனுங்க, கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுங்களா?"ன்னு கேட்டேன். சீட்டு இடுக்கு வழியா ஒரு பொம்பளைக் குரல், "தாராளமாச் சாஞ்சுக்குங்க." அட, நம்மூர்ப் பேச்சு. மரியாதைன்னா இப்படித்தான் இருக்கணும்னு என்னை நானே மெச்சிக்கிட்டு, பட்டனை அமுக்கி முழுசாச் சாஞ்சேன்.

அரைத் தூக்கத்துல முதுகுல என்னமோ முட்டிச்சு. நகர்ந்து படுத்தேன். மறுபடியும் முட்டிச்சு. முழங்காலை வெச்சுத் தள்றாங்கன்னு நினைச்சேன். கேட்டுட்டுத்தானே சாஞ்சோம், அப்புறம் என்னவாம்? எனக்குக் கோவம் வந்தா வாய் பேசும், இல்லேன்னா கை பேசும். அன்னிக்கு முதுகு பேசிடுச்சு. சீட்டோட சேர்த்துப் பின்னாடி பலமா ஒரு தள்ளு தள்ளினேன். முட்டறது நிக்கவே இல்லை. ரெண்டு தடவை, மூணு தடவை தள்ளிப் பார்த்துட்டு அப்படியே தூங்கிட்டேன்.

இறங்கப் போகுது, சீட்டை நிமிர்த்துங்கன்னு ஏர் ஹோஸ்டஸ் வந்து எழுப்பினாங்க. பீளமேட்டுல ப்ளேன் நின்னதும், யாரு அந்த முழங்கால்காரின்னு பாக்கத்தான் எந்திரிச்சுத் திரும்பினேன்.

இருபத்தஞ்சு வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. மடியில ஒன்றரை வயசுப் பெண் குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. குழந்தையோட ஒரு காலுக்குத் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. கால் மடங்காம நேரா நீட்டிக்கிட்டு, விரல் மட்டும் வெளியே தெரியுது. ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் குறட்டை விட்டுத் தூங்கற ஒரு பெரிய உடம்புக்காரர். குழந்தையைத் திருப்பிப் போட இடமே இல்லை. அந்த விரலுக்கும் என் சீட்டுக்கும் நடுவுல அவளோட வலது கை. அப்பவும் எடுக்கலை. கட்டோட ஓரம் அழுத்தி அழுத்தி, புறங்கை கன்னிச் சிவந்து கிடந்துச்சு. என்னை முட்டினது அந்தக் கை.

பிறவியிலேயே வளைஞ்ச பாதமாம். பம்பாய்ல இருக்கற அண்ணன் வீட்டுல தங்கி, ஆபரேசன் பண்ணி ஆறு நாள் ஆச்சாம். ஊரு பெருந்துறைப் பக்கம். தப்புப் பண்ணினது நான். ஆனா வாயில வந்தது அப்பவும் கோவம்தான். "ஏன் அம்மணி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு கத்திட்டேன்.

"நீங்க கேட்டீங்களேங்க்கா. கேட்டவங்ககிட்ட முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?"

சொல்லிக்கிட்டே அவ குழந்தையோட கால் கட்டைவிரலைத் தொட்டா. விரல் அசையுதா, நிறம் மாறுதான்னு அடிக்கடி பாக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். விரல் அசையலை. மறுபடி தொட்டா. அசையலை. பின்னாடி நிக்கறவங்க வழி விடச் சொல்றாங்க, எனக்கு எதுவும் காதுல ஏறலை. மூணு தடவை தள்ளினோமேன்னு அது மட்டும்தான் மனசுல. அவ குனிஞ்சு விரலுக்கு அடியில நகத்தால லேசாக் கீறினா. அஞ்சு விரலும் சுருங்குச்சு. குழந்தை முழிச்சு வீல்னு அழுதுச்சு. ஒரு குழந்தை அழறதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டதே இல்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

அவ கை மரத்துப் போய் விரலை மடக்கவே முடியலை. படியில குழந்தையை நாந்தான் தூக்கிட்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்டதுக்கும், "பரவால்லீங்க்கா"தான்.

இந்தப் பரவால்லீங்க எனக்குத் தெரியாததா? பொங்கலுக்கு முதநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா கிரைண்டர் கேட்டப்ப, "தாராளமா எடுத்துட்டுப் போங்க"ன்னு குடுத்துட்டு, கிரைண்டர் பட்டறை வெச்சிருக்கற நான் நாலு வீடு தள்ளிப் போய் மாவாட்டிட்டு வந்தவ. நம்ம ஊர்ல கேட்டா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. அது தெரிஞ்சும், வாயால கேட்டேனே ஒழிய, கண்ணால பாக்கலை.

இப்பவும் நான் வாயாடிதான், அதுல ஒண்ணும் மாற்றமில்லை. ஆனா ப்ளேனோ பஸ்ஸோ, சீட்டைச் சாய்க்கறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு, பின்னாடி இருக்கறவங்க மடியை ஒரு தடவை பாத்துட்டுத்தான் கேக்கறேன். பாக்காம இருந்தா, அந்தக் கை வந்து முதுகுல முட்டுது.